எங்கட ஆள் விக்கிற அடிபட்ட கார்

"எங்கட ஆள் எண்டு நம்பித்தான் வாங்கினனான்."

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீடு வாங்கினவர் சொல்லியிருக்கிறார், சீட்டுப் போட்டவர் சொல்லியிருக்கிறார், விசா அலுவலுக்குக் காசு கட்டினவர் சொல்லியிருக்கிறார். இப்ப கொஞ்சக் காலமாக அடிபட்ட ஸ்போர்ட்ஸ் கார் வாங்கின பெடியளின் வாயிலிருந்து வருகிறது. கார் விசயத்தில் விருப்பமில்லாத ஆக்களும் இதை வாசியுங்கோ. காசு போகிறது உங்கட வீட்டு அலுமாரியிலிருந்துதான்.

என் அக்காவின் மகனுக்கு 22 வயது. இரவு வேலை, பொருட்கள் பொதி செய்கிற இடம். இரண்டு வருசமாகச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. அவன் கண்ணில் பட்டது ஒரு ரொயோற்றா ஜி.ரி.86. 2014ஆம் ஆண்டுக் கார், சிவப்பு. விலை 7,400 பவுண். அடிபடாத அதே கார் பத்தாயிரத்துக்கு மேலே போகிறது. விற்கிறவர் எங்கட ஊருக்குப் பக்கத்து ஊர். கிழக்கு லண்டனில் ரெயில் பாலத்து வளைவுக்குக் கீழே வேலை செய்கிறார். பெயர் வேண்டாம். அவர் ஒருவர் இல்லை, பலபேர்.

"மாமா, சின்னத் தட்டுத்தானாம். பம்பர் மட்டும் மாத்தினவையாம். ஆனா கற்றகரி எஸ் எண்டு போட்டிருக்கு. பரவாயில்லைத்தானே?"

பரவாயில்லையா என்று கேட்டால் முதலில் எஸ் என்றால் என்னவென்று பார்க்கவேணும். இந்த நாட்டில் இன்சூரன்ஸ்காரர் ஒரு அடிபட்ட காரை "திருத்தித் தரமாட்டோம், காசைப் பிடி" என்று கைவிடும்போது அதுக்கு ஒரு எழுத்துக் கொடுக்கிறார்கள். ஏ என்றால் முழுக்க நசுக்கவேணும். பி என்றால் சாமான் கழற்றலாம், கூட்டை நசுக்கவேணும். முந்தி இதுக்கு அடுத்து சி, டி என்று இருந்தது. அவை எவ்வளவு செலவாகும் என்ற கணக்கை வைத்துப் பிரித்தவை. 2017 ஒக்ரோபரிலிருந்து அதை மாற்றி எஸ், என் என்று வைத்தார்கள். எஸ் என்றால் காரின் கட்டமைப்பில், அதாவது எலும்பில் அடி. என் என்றால் எலும்பில் அடியில்லை.

பம்பர் எலும்பு இல்லை. அது பிளாஸ்ரிக் தோல். ஆகவே "பம்பர் மட்டும்தான்" என்ற கதையும் "எஸ்" என்ற எழுத்தும் ஒரே காரில் சேர்ந்து இருக்க ஏலாது. இரண்டில் ஒன்று பொய். எழுத்தைப் போட்டவருக்கு எங்கட ஊர் தெரியாது, எங்கட பெடியனையும் தெரியாது, பொய் சொல்லி அவருக்கு ஒரு பவுணும் வரப்போவதில்லை. மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ.

இதைச் சொன்னவுடன் வீட்டில் ஒரு சபை கூடிவிட்டது. அத்தானின் அண்ணை, அவருடைய மச்சான், கோயில் சபையில் இருக்கிற ஒருவர். எல்லாரும் ஒரே குரலில் "அகதியாய் வந்த குடும்பத்துப் பெடியனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்னத்துக்கு? ஒரு ரொயோற்றா யாரிஸ் எடுத்தால் காணாதோ?" என்றார்கள்.

நான் இவர்களோடும் இல்லை. இதைக் கொஞ்சம் விரித்து எழுதவேணும். மகளின் சாமத்தியவீட்டுக்கு ஒரு நாளைக்கு லம்போகினி வாடகைக்குப் பிடித்து, மண்டப வாசலில் நிற்பாட்டி, ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிற சனம்தான் பெடியனுக்கு எளிமை படிப்பிக்க வருகிறது. மற்றவன் பார்க்க வாடகைக்குப் பிடித்தால் அது கௌரவம். தனக்குப் பிடித்த இயந்திரத்தைத் தன் உழைப்பில் வாங்கி ஓட்ட நினைத்தால் அது திமிர். இது என்ன நியாயம்? அகதி என்றால் ஆசைப்படக் கூடாது என்று ஜெனீவா சாசனத்தில் எழுதியிருக்கிறதா? ஜி.ரி.86 நல்ல கார். சுபாருவோடு சேர்ந்து செய்தது, இயந்திரம் சுபாருவின் படுக்கை இயந்திரம், ஏறத்தாழ 200 குதிரைவலு, பாரம் குறைவு, பின்சில்லு தள்ளுகிற கார். இதைத் தெரிந்து ஆசைப்படுகிற பெடியனை நான் மதிக்கிறேன். கேள்வி அவன் ஆசையைப் பற்றியது இல்லை. அந்த ஆசையைத் தெரிந்துகொண்டு யார் அவனுக்கு என்னத்தை விற்கிறார்கள் என்பதுதான்.

அடிபட்டதைத் திருத்தி ஓடலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அது சும்மா வந்ததில்லை. நான் சின்னப் பெடியனாக இருந்தபோது, 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40உம் மொரிஸ் மைனரும் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் இல்லை, ஆனால் கார் நிற்கவில்லை. ரின்கரிங் பாஸ்மார் ஒரு சுத்தியலும் ஒரு மரக்கட்டையும் வைத்து நசுங்கின மட்காட்டைத் தட்டித் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கைகளுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். "அடிபட்டால் என்ன, தட்டி எடுக்கலாம்" என்பது எங்கள் சனம் பட்டுப் படித்த அறிவு.

ஆனால் அந்த அறிவு அந்தக் காருக்கு உரியது. ஏ40 சொமர்செற்றுக்குக் கீழே தனியாக ஒரு இரும்புச் செசி. அதுக்கு மேலே பொடியை வைத்துப் பூட்டியிருப்பார்கள். பொடி நசுங்கினாலும் செசி நேராக இருந்தால் கார் நேராக ஓடும். இப்போதைய கார் அப்படியில்லை. பொடிதான் செசி. முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. மெர்சிடீஸ்காரர் 1959 இல் இந்த யோசனையைக் காராக்கி விற்கத் தொடங்கினார்கள். அதுக்குப் பிறகு உலகமே அந்த வழிக்கு வந்துவிட்டது.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவன், முடிக்கவில்லை. 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை மூடினது, படிப்பும் அந்த வருசத்தோடு போச்சு. ஆனால் இதுக்குப் பட்டம் தேவையில்லை. வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி நாலு மடங்கு. மோதும்போது அந்தச் சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆகவேணும். தகடு மடிகிறபோது அதில் கொஞ்சம் செலவாகும், மடியாவிட்டால் உள்ளே இருக்கிறவனின் நெஞ்சில் செலவாகும். ஒருமுறை மடிந்த தகட்டைச் சுத்தியலால் நேராக்கலாம், பெயின்ற் அடிக்கலாம், மினுக்கலாம். அடுத்த முறை அது கம்பனி கணக்குப் போட்டபடி மடியாது. சில இடங்களில் போடுகிற உருக்கு மிகவும் உறுதியானது. அதைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் பலமே போய்விடும். வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்துண்டு ஒட்டவேணும், அதுவும் கம்பனி சொன்ன இடத்தில், சொன்ன முறையில். செய்யலாம். நல்லாகச் செய்கிற கராஜ்கள் இருக்கின்றன. ஆனால் அதுக்கு அளவுபார்க்கிற இயந்திரம் வேணும், காசு வேணும். இன்சூரன்ஸ்காரர் "கட்டுப்படியாகாது" என்று கைவிட்ட வேலையை, பாலத்துக்குக் கீழே ஒருவர் செய்து, அதில் லாபமும் எடுத்து, மூவாயிரம் குறைவாகவும் விற்கிறார் என்றால் எதையோ செய்யாமல் விட்டிருக்கிறார். எதை என்பதுதான் கேள்வி.

எயார்பாக்கை எடுங்கோ. ஒருமுறை வெடித்தால் முடிஞ்சுது. சீற் பெல்ற்றை இழுத்துப் பிடிக்கிற சாமானும் அப்படித்தான், ஒருமுறைதான். புதிது போட்டால் ஆயிரக்கணக்கில் போகும். போடாமல் மூடியை ஒட்டி, டாஷ்போட்டில் எரிகிற சிவப்பு லைற்றை ஏமாற்ற ஒரு சின்ன மின்தடையைச் செருகிவிடுகிறவர்களும் உண்டு. ஒரு சில பென்ஸ். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"எம்.ஓ.ரி பாஸ் பண்ணியிருக்குதே மாமா?"

எம்.ஓ.ரி பார்க்கிறவருக்கு எதையும் கழற்றிப் பார்க்க அனுமதியில்லை. அவர் பிரேக், ரயர், லைற், கறள், புகை இவற்றைப் பார்ப்பார். எயார்பாக் லைற் எரிகிறதா என்று பார்ப்பார். எயார்பாக் உள்ளே இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கமாட்டார். அரசாங்கமாவது பார்க்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. எஸ் எழுத்து விழுந்த காரை ஒருவர் திருத்தி ரோட்டுக்குக் கொண்டுவர, அந்தத் திருத்தத்தைச் சோதிக்கிற கட்டாயப் பரிசோதனை எதுவும் இந்த நாட்டில் இல்லை. முந்தி ஒரு பரிசோதனை இருந்தது, அதையும் 2015 ஒக்ரோபரில் நிற்பாட்டினார்கள். அதுகூட இது களவெடுத்த காரா என்று அடையாளம் பார்க்கிறதுதான், ஒட்டு நல்லதா என்று பார்க்கிறது இல்லை. எஸ் என்றால் லொக் புக்கில் பதிவாவது இருக்கும். என் என்றால் பழைய லொக் புக்கையே வைத்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் விட்ட இந்த ஓட்டைக்குள்தான் எங்கட ஆள் நுழைகிறார்.

நான் வேலை செய்கிறது ரெஸ்ரோறண்ட் கிச்சினில். அங்கே குளிர்பெட்டிக்குள் திகதி எழுதாத டப்பா இருந்தால் குப்பைக்குள் போகும். உள்ளே இருக்கிற இறைச்சி நல்லதாகவும் இருக்கலாம். இருந்தாலும் போகும். சுகாதாரப் பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார், பூச்சியத்திலிருந்து ஐந்து வரை புள்ளி போடுவார். (இங்கிலாந்தில் அந்தப் புள்ளியைக் கதவில் ஒட்டவேணும் என்ற கட்டாயம் இல்லை, வேல்ஸில் உண்டு. ஒட்டாத கடையைக் கண்டால் நீங்களே விளங்கிக்கொள்ளுங்கோ.) அவர் "நீங்கள் எந்த ஊர்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கட சனம் பிரியாணியில் ஒரு தலைமயிர் இருந்தால் கடைக்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டும், கூகிளில் ஒரு நட்சத்திரம் குத்தும். அதே சனம் ஏழாயிரம் பவுணைக் காசாக எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு துண்டு றிசீற் கேட்க வெட்கப்படும். ஏன்? "எங்கட ஆளிட்டை எப்பிடிக் கேக்கிறது?"

கேட்டோம். பெடியனோடு நானும் போனேன். மூன்றே மூன்று கேள்வி. அடிபட்டபோது எடுத்த படம் இருக்கா? மாற்றின சாமானுக்கு றிசீற் இருக்கா? நாலு சில்லும் நேராக இருக்கிறது என்று அளந்த தாள் இருக்கா?

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "தம்பி, உன்ர கொப்பரை எனக்குத் தெரியும். ஒண்டாய் ரியூசனுக்குப் போனனாங்கள். என்னை நம்பேல்லையோ?"

நான் சொன்னேன், "அண்ணை, அத்தானை உங்களுக்குத் தெரியும் எண்டது எனக்குச் சந்தோசம். கார் எங்கை அடிபட்டதெண்டு அத்தானுக்குத் தெரியாதே."

இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. ஊரைச் சொல்லி, அப்பாவைச் சொல்லி, பட்ட கஷ்டத்தைச் சொல்லி ஒரு காரை விற்கிறார்கள். ஊரும் அப்பாவும் எங்கள் எல்லாருக்கும் பொதுவான சொத்து. அதை ஒருவர் தன் கராஜ் வாசலில் விளம்பரப் பலகையாய்த் தொங்கவிடுகிறார். வெள்ளைக்காரனிடம் வாங்கினால் இதே பெடியன் பத்துக் கேள்வி கேட்டிருப்பான். கேட்கமாட்டான் என்று தெரிந்துதான் எங்கட பெடியளைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இன்னொரு கெட்டித்தனமும் இருக்கிறது. வருசத்துக்குப் பத்துப் பதினைஞ்சு கார் விற்கிறவர், ஒவ்வொன்றையும் "என்ர சொந்தக் கார், மனிசி ஓடினது" என்றுதான் விளம்பரம் போடுவார். ஏன் தெரியுமா? வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. பழுதான சாமான் என்றால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கலாம். தனியாளிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. விவரித்தபடி கார் இருக்கிறதா என்பது மட்டும்தான் பேச்சு. வியாபாரி தனியாளாய் வேசம் போடுவது குற்றம். எங்கட ஆக்கள் முறைப்பாடு செய்யமாட்டார்கள் என்பது அவருக்கு நல்லாய்த் தெரியும். கோயிலில் முகம் பார்க்கவேணும் அல்லவா.

பிறகு இன்சூரன்ஸ். அண்ணை அதுக்கும் ஆலோசனை வைத்திருக்கிறார். "எஸ் எண்டு சொல்லாதை, கூடக் கேப்பாங்கள். அம்மாவை மெயின் ட்ரைவராப் போடு, உன்ரை பேரை ரெண்டாவதாப் போடு." அக்கா வாழ்நாளில் கியர் தொட்டதில்லை. புரோவிஷனல் லைசன்ஸ் ஒன்று எடுத்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறா, அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குத் தெரிந்துகொண்டே பொய் சொன்னால் கம்பனி ஒப்பந்தத்தையே இல்லையென்று ஆக்கலாம். எதிரில் வந்தவனுக்கு நட்டஈட்டைக் கொடுத்துவிட்டு அதை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடினதாய் முடிந்தால் 300 பவுண் தண்டமும் ஆறு புள்ளியும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருசத்துக்குள் ஆறு புள்ளி விழுந்தால் லைசன்ஸே போகும், திரும்ப எல் போட்டுத் தொடங்கவேணும். இதெல்லாம் எந்தப் பெடியனுக்கும் நடக்கலாம். எங்கட பெடியனுக்கு இன்னொன்றும் இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பார்க்கிறார்கள். மோசடி என்ற சொல்லு ஒரு கோப்பில் விழுந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எங்களுக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. விசாவுக்காகப் பத்து வருசம் கையெழுத்துப் போடப் போன ஆக்கள் நாங்கள். ஒரு பம்பர் கதைக்காக அதை அடகு வைக்கச் சொல்கிறார், ஒன்றாய் ரியூசனுக்குப் போன அண்ணை.

இதை வாசித்துவிட்டு வழமையான ஆக்கள் வருவார்கள். "எங்கட சனத்தை நீயே காட்டிக் குடுக்கிறாய். மற்றச் சமூகத்தில் கள்ளர் இல்லையோ?" இருக்கிறார்கள், நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் என் அக்காவின் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் பெடியனை ஏமாற்றுவதில்லை. எங்கட ஆக்களில் சோக்கான மெக்கானிக்மார் இருக்கிறார்கள், எனக்கே ஒருவரைத் தெரியும். அடிபட்ட காரை வாங்கி ஒவ்வொரு கட்டமாய்ப் படம் எடுத்து, சாமான் வாங்கின றிசீற்றைக் கோப்பில் போட்டு விற்பார். கூட விலை சொல்வார். சனம் அவரிடம் போகாது. "உவர் விலை கூட" என்று பாலத்துக்குக் கீழே போகும். ஒழுங்கான மனிசனின் வயிற்றில் அடிக்கிறதும் இந்த "எங்கட ஆள்" வியாபாரம்தான்.

எஸ் கார் எதையும் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்குப் பயந்து ஓடுகிறதும் மூடத்தனம். முன்மூலையில் ஒரு தண்டு வளைந்து, அதை வெட்டிப் புதுசு போட்டு, அளந்து காட்டுகிற எஸ் கார், ஒளித்துத் திருத்தின அடிபடாத காரைவிட நல்லது. ஆனால் எல்லாம் கண்ணுக்குத் தெரியவேணும். கார் இலக்கத்தைப் போட்டால் எம்.ஓ.ரி வரலாறு அரசாங்கத் தளத்தில் சும்மா பார்க்கலாம், ஒரு பென்ஸ் தேவையில்லை. அந்தச் சிவப்புக் காரை நான் போட்டுப் பார்த்தேன். 2017 இலிருந்து வருசா வருசம் ஒழுங்காகப் பாஸ். 2022 மார்ச்சுக்குப் பிறகு ஒன்றரை வருசத்துக்கு மேலே ஒரு சோதனையும் இல்லை. பிறகு 2023 நவம்பரில் பாஸ், கீழே ஒரு குறிப்பு: பின் இடது ரயர் உள்விளிம்பில் தேய்ந்திருக்கிறது. பம்பர் மாற்றின காருக்குப் பின்ரயர் ஏன் உள்ளுக்குள் தேயவேணும்? மழை ஈரத்தில் பின்சில்லு தள்ளுகிற கார், அதுவும் சில்லு கோணலாய் நிற்கிறது. 22 வயதுக் கால் அக்சிலேற்றரில்.

பெயின்ற் தடிப்பு அளக்கிற சின்னக் கருவி ஒன்று விற்கிறது. கம்பனி பெயின்ற் என்றால் நூறு, நூற்றைம்பது மைக்ரோன் அளவில் காட்டும். உள்ளே புட்டி அப்பியிருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். வாங்கி வைத்திருக்கிறேன். கிச்சினில் பெடியள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பொனற் பூட்டின ஆணியில் ஸ்பனர் பட்ட தழும்பு இருக்கா, கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா, சீற் பெல்ற் அடியில் இருக்கிற சீட்டின் திகதி காரின் வயதோடு ஒத்துப்போகிறதா, இதெல்லாம் பார்க்க ஒரு மணித்தியாலம் காணும். காசு கட்டினால் சுயாதீனமாய் வந்து முழுக்கப் பார்த்து எழுதித் தருகிற ஆக்களும் இருக்கினம். விற்கிறவர் அதுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதோடு கதை முடிஞ்சுது.

அண்ணை சம்மதிக்கவில்லை. "உப்பிடிச் சந்தேகப்படுற ஆக்களுக்கு நான் விக்கிறேல்லை" என்றார். அடுத்த கிழமை அதே கார் வேறு பெயரில் விளம்பரத்தில் வந்தது, 7,200 பவுண், "சிறிய கீறல் மட்டும்". ஆரோ ஒரு பிள்ளை வாங்கியிருக்கும். அந்த விளம்பரத்தின் படத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். வாங்கின பிள்ளை இதை வாசித்தால் எழுதுங்கோ, அனுப்புகிறேன், உங்களுக்கு உதவும்.

என் மருமகன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவனே தேடி ஒன்று பிடித்திருக்கிறான். லூட்டனில் நிற்கிறது. அதுவும் ஜி.ரி.86தான், நீலம், கற்றகரி என், 8,300 பவுண். விற்கிறவர் அடிபட்ட படம் பதினொன்று கேட்காமலே அனுப்பியிருக்கிறார், ஹெட்லைற்றுக்கும் ரேடியேற்றருக்கும் றிசீற் இருக்கிறது. இன்சூரன்ஸுக்கு உள்ளதைச் சொல்லி விலை கேட்டோம், வருசத்துக்கு 2,600 வந்தது. பெடியன் முகம் தொங்கிப்போச்சு. இன்னும் நாலு மாதம் சேர்க்கவேணும் என்கிறான். அதுவரைக்கும் கார் நிற்குமோ தெரியாது.

ஞாயிறு பின்னேரம் எனக்கு ஓய்வு. கருவியையும் ஒரு ரோர்ச்சையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ரெயிலில் போகிறோம்.